அரக்குச் சேலையில் ஓர் ஓட்டை

ஒரு தொண்டு நிறுவனத்துக்காகக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவது என் பிழைப்பு. குழந்தைகளின் உரிமைக்காக வேலை செய்கிற நிறுவனம் அது. தொழில் நடத்துகிறவர்களிடம் பேசி, அவர்களை எங்களோடு கூட்டுச் சேர்க்க வேண்டியது என் பொறுப்பு. விசிட்டிங் கார்டில் இதற்கு நீளமாக ஒரு பதவி போட்டிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மாமியார் அதற்கு அர்த்தம் கேட்டார். கால் மணி நேரம் விளக்கினேன். "வசூலுக்குப் போறேன்னு சொல்லு, முடிஞ்சுது" என்றார். பேச்சில் என்னை மடக்கக்கூடிய ஆள் உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வாய் ஜாஸ்தி. இந்த வேலைக்கு அது உதவும், சில சமயம் கெடுக்கவும் செய்யும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் ஆலையில், "உங்க பசங்களுக்கு ஸ்கூல் பேக் கொடுக்கறோம் மேடம்" என்றார்கள். "போன வருஷமே ரெண்டு கம்பெனி கொடுத்தாச்சு சார். பசங்க இப்ப பேக்குக்குள்ள பேக் வெச்சுக்கினு போவுதுங்க" என்று சொல்லிவிட்டேன். அங்கிருந்து அதற்கப்புறம் போன் வரவில்லை. பேக் கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் கொடுத்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, காரில் ஏறிப் போய்விடுவார்கள். உங்கள் தொழில் எங்கள் பிள்ளைகளின் வாழ்க்கையை எந்த இடத்தில் தொடுகிறது என்று அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பதுதான் எங்களுடைய ஆசை. அந்தப் பேச்சைத் தொடங்கினாலே கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் எங்களுக்கு ஒரு மாலை மையம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நாற்பது பிள்ளைகள் வருவார்கள். வீட்டுப்பாடம் எழுதுவார்கள், சண்டை போடுவார்கள், வாரம் ஒரு நாள் தங்களுக்குள்ளே மன்றம் கூட்டிப் பேசுவார்கள். மன்றத்துக்குத் தலைவி ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். தெரு விளக்கு எரியவில்லை என்று தானே மனு எழுதி, மாநகராட்சி அலுவலகத்துக்கு நான்கு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், அங்கேயே உட்கார்ந்து, எரிய வைத்துவிட்டுத்தான் அடங்கினாள். கேள்வி கேட்டே ஆளைக் கொல்வாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும், ஏனென்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த மையம் நடந்த வீட்டை விற்கப்போவதாக வீட்டுக்காரர் ஐப்பசியில் சொன்னார். பொங்கலுக்குள் காலி செய்ய வேண்டும். ஏற்கெனவே ஓடு ஒழுகி, மழை வந்தால் பிள்ளைகளை ஒரே மூலையில் ஒண்ட வைத்துக்கொண்டிருந்தோம். அந்தத் தெருவை விட்டு வேறெங்கே வைத்தாலும் பெண்பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். நான் இடத்துக்காக அலைய ஆரம்பித்தேன். அலைந்த அலைச்சலில் மையத்துக்குள் எட்டிப் பார்ப்பதே குறைந்துபோனது.

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடை முதலாளி, அறுபது வயதுக்காரர், காது கொடுத்துக் கேட்டார். எங்கள் மையம் இருந்த அதே நெசவாளர் தெருவில் அவருக்குக் குடோன் ஒன்று இருக்கிறது. மாடி காலி. "எடுத்துக்கோமா. மூணு வருஷத்துக்கு வாடகைப் பேச்சே வேணாம். பசங்க படிக்கட்டும்" என்றார். விளம்பரப் பலகையில் கடை பெயர் எத்தனை அடியில் வர வேண்டும் என்று கூடக் கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. திறப்பு விழாவில் பிள்ளைகள் தரப்பில் யாராவது பேசட்டும் என்று மட்டும் சொன்னார்.

கிளம்பும்போது கடைப் பையனைப் பார்த்து விரலை ஆட்டினார். அவன் உள்ளே போய் ஒரு சேலையைக் கொண்டுவந்து மெத்தை மேல் வைத்தான். அரக்கு உடல், மயில்கழுத்துக் கரை, நல்ல கோர்வைப் பட்டு. எங்கள் ஊரில் எந்தக் காரியத்தையும் ஒருவர் தோளில் துணி போர்த்தாமல் தொடங்க மாட்டார்கள். ஆனால் எங்கள் ஆபீஸ் சட்டம் கறார். கூட்டாளியிடம் ஒரு ஸ்வீட் பாக்கெட்டுக்கு மேல் எதுவும் வாங்கக் கூடாது. "வேணாம் சார்" என்றேன். "மரியாதைக்குக் குடுக்கறத வேணாங்கக் கூடாதுமா" என்றார். இரண்டாவது தடவை நான் வேண்டாம் என்று சொன்ன குரல் எனக்கே கேட்கவில்லை. இந்த ஊருக்கு மருமகளாக வந்து இருபது வருஷம் ஆகிறது. என் சம்பளத்தில் அப்படி ஒரு சேலை எடுத்ததில்லை. வாங்கிக்கொண்டேன். ஆபீசில் சொல்லவும் இல்லை.

ஒரு வாரம் கழித்து ஒரு கல்யாணம். அதற்கு அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். கண்ணாடியில் நின்ற நேரத்தை வெளியே சொன்னால் வெட்கக்கேடு. முகூர்த்தம் காலையிலேயே முடிந்துவிட்டது. வருகிற வழியில், விழாவில் பேச வேண்டியது நீதான் என்று அந்த மன்றத் தலைவிப் பெண்ணின் வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாம் என்று தெருவுக்குள் திரும்பினேன். ஒரு மாதமாக அவள் மையத்துக்கு வரவில்லை. காய்ச்சல் என்று யாரோ சொன்னார்கள். நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகலாம், பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் தறியில் இருந்தாள். தறிக்குக் கீழே வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு அப்பா உட்கார்ந்திருந்தார், அவருக்குப் பக்கவாட்டில் கரை ஓரமாக அவள். கோர்வை என்பது உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் வைத்து, ஒவ்வொரு இழைக்கும் இரண்டையும் கோத்துச் சேர்த்து நெய்வது. அதற்கு ஒரு தறியில் இரண்டு பேர் வேண்டும். நெய்பவர் உடல் நூல் சுற்றிய நாடாக் கட்டையைக் குறுக்கே விடுவார், அந்தப் பக்கத்தில் இருப்பவர் கரை நூலின் நாடாவை வாங்கி விடுவார். அந்த வீட்டில் பதினைந்து வருஷமாக அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தது அவள் அம்மா. அம்மா இப்போது வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். தண்ணீர்க் குழாயடியில் பாசியில் வழுக்கி விழுந்து, உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்களாம்.

தறியில் ஏறியிருந்த துணியை அப்போதுதான் பார்த்தேன். அரக்கு உடல். மயில்கழுத்துக் கரை. தறியில் நீளவாட்டில் ஏற்றுகிற நூல்தான் பாவு, ஒரே பாவில் இரண்டு மூன்று சேலை நெய்வார்கள். முதல் சேலை என் உடம்பில் இருந்தது, இரண்டாவது தறியில் இருந்தது.

அவள் எழுந்து வந்து என் தோளில் தொங்கிய முந்தானையைப் பிடித்தாள். "அக்கா, கொஞ்சம் திரும்புங்க." கரையும் உடலும் சேர்கிற வரியில் விரலை வைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டினாள், நிறுத்தினாள். "தோ பாருங்க. நாங்க நெய்ஞ்சதுதான்." மிளகு அளவுகூட இல்லாத ஓர் ஓட்டை. "இந்த எடத்துல எனக்குத் தூக்கம் வந்துடுச்சுக்கா. கோக்காம நாடாவ வுட்டுட்டேன். அப்பா திட்டினாரு."

"திட்டினேன் மேடம், இல்லன்னு சொல்லல" என்றார் அப்பா. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் ஆசப்பட்டா உக்கார வெச்சேன்? ஆளு தேடாத எடமில்ல. வயசுப் பொம்பளைங்க எல்லாம் கம்பெனி பஸ் ஏறிப் போயிடறாங்க. மழைக்குக் குழில ஈரம் ஊறிக்கினு இருக்குது, பட்டு ஒட்டிக்கினு வர மாட்டேங்குது. முதலாளி தை முகூர்த்தத்துக்குத் தேதி குடுத்துட்டாரு. நான் இன்னாதான் செய்யட்டும்?"

"ஸ்கூல்ல இன்னா சொல்றாங்க?" என்று அவளைக் கேட்டேன்.

"அரைப் பரீட்சைக்கு உக்கார அட்டெண்டன்ஸ் பத்தாதுன்னு டீச்சர் சொல்லி அனுப்பிச்சாங்க. தை வந்தா முடிஞ்சிடும்கா, அப்பறம் போறேன்."

தைக்கு அப்புறம் மாசி முகூர்த்தம் வரும், பங்குனி வரும். ஒன்பதாம் வகுப்பில் நின்ற பெண் பத்தாம் வகுப்புக்குத் திரும்பி வந்ததை நான் இந்த வேலையில் அதிகம் பார்த்ததில்லை. இவள் நின்றுவிடுவாள் என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. வந்த விஷயத்தை வாசலில் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து சேலையை அவிழ்த்துக் கட்டில் மேல் வீசினேன். இதற்குப் பிறகு நான் உடனே கிளம்பிப் போய்க் கடையில் சண்டை போட்டேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. இரண்டு நாள் சும்மா இருந்தேன். முதலாளியிடம் வாயைத் திறந்தால் மாடி போய்விடும், நாற்பது பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள், முதலில் ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகட்டும், பிறகு பக்குவமாகப் பேசலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள் அந்த இரண்டு நாளும் மாமியாரிடம்கூடச் சரியாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் மையத்துக்கு வந்தாள். தறியிலிருந்து எழுந்து நேராக வந்திருப்பாள் போல, கையில் பட்டு இழை ஒட்டியிருந்தது. "அக்கா, படிப்பு உரிமையப் பத்தி மேடைல பேசச் சொன்னீங்கன்னு அம்மா சொன்னாங்க. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க, மனப்பாடம் பண்ணிக்கறேன்" என்றாள்.

"இன்னாடி புதுசா? மனு எல்லாம் நீயேதான எழுதுவ?"

"நானா பேசினா உண்மை வந்துடும்கா. அப்பறம் உங்களுக்கு மாடி கிடைக்காது."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பதினாலு வயதுப் பெண் என்னைக் காப்பாற்ற வழி யோசித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அழுவதை அவள் பார்க்கக் கூடாது என்று திரும்பிக்கொண்டேன். மாமியாருக்கு அடுத்தபடி என்னை மடக்கிய ஆள் அவள்தான்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே போய் நின்றேன். முதலாளி சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு வந்து மெத்தையில் உட்கார்ந்தார். சேலையை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். "சார், இதுல ஒரு பழுது இருக்குது. எங்க இருக்குதுன்னு சொல்லுங்க."

அவர் சிரித்தார். கண்ணை மூடிக்கொண்டே கரையில் கட்டை விரலை ஓட்டி, சரியாக அந்த இடத்தில் நிறுத்தினார். "தெரிஞ்சுதான் குடுத்தேன்மா. கஸ்டமருக்கு விக்க முடியாது. உன் கண்ணுக்குத் தெரியாதுன்னு பாத்தேன்." இலவசமாக வாங்கியவளுக்கு ரோஷம் எதற்கு என்று கேட்கலாம். இருந்தாலும் எனக்குச் சுருக்கென்று இருந்தது.

"என் கண்ணுக்குத் தெரியல சார். நெய்ஞ்சவங்க கண்ணுக்குத் தெரிஞ்சுது" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். யார் வீடு, யார் உட்கார்ந்திருக்கிறாள், எத்தனை நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை என்று.

"அவன் பொண்டாட்டி தான உக்காருவா?"

"கை உடைஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆவுது."

"எங்கிட்ட யாரும் சொல்லலியே."

"நீங்க கேக்கலியே சார். தேதி மட்டும்தான கேட்டீங்க."

அவர் முகம் மாறியது. "அப்பனுக்கு ஒத்தாசையா நாலு நாள் உக்காந்தா தப்பா? நானும் எட்டு வயசுல கோர்வைக்கு உக்காந்தவன்தான். தோ பாரு" என்று இடது ஆட்காட்டி விரலை நீட்டினார். இழை அறுத்து அறுத்துக் காய்த்த தடம் இன்னும் இருந்தது. "எனக்கு இன்னா கெட்டுப்போச்சு?"

"ஸ்கூல் விட்டு வந்து ஒத்தாசை பண்ணா நான் வந்திருக்கவே மாட்டேன் சார். சரி, கெட்டுப்போவலன்னா உங்க பொண்ண ஏன் உக்கார வைக்கல?"

அவர் மகள் சென்னையில் சி.ஏ. படிக்கிறாள். ஊருக்கே தெரியும், அவரே ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருப்பார். கடைப் பையன் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உனக்கு மாடி வேணுமா வேணாமா?" என்றார் முதலாளி.

"வேணும் சார். அங்க மொதல் ஆளா உக்கார வேண்டியவ உங்க தறில உக்காந்துக்கினு இருக்கறா. அவள அங்க வெச்சுட்டு நான் யாருக்குக் கதவத் தொறக்கறது?"

வாசலில் வாடிக்கையாளர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். "வாங்க வாங்க" என்று முதலாளி அவர்கள் பக்கம் திரும்பிவிட்டார். நான் சேலையை மடிக்கப் பார்த்தேன், பட்டு மடிப்பில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. கடைப் பையன் வந்து வாங்கி இரண்டே உதறலில் மடித்து அலமாரியில் வைத்தான். வெறுங்கையோடு வெளியே வந்தேன்.

சென்னையில் இருக்கிற எங்கள் இயக்குநர் மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "சேலை வாங்கினது தப்பு. திருப்பிக் கொடுத்தது சரி. நடுவுல ரெண்டு நாள் சும்மா இருந்தீங்களே, அதுக்கு என்ன பேர்னு நீங்களே யோசிச்சு எனக்கு எழுதி அனுப்புங்க" என்றார். எழுத உட்கார்ந்து மூன்று தாள் கிழித்தேன். கடைசியில் பயம் என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்பினேன்.

நான்கு நாள் கடையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. ஏனாத்தூர் பக்கம், வாலாஜாபாத் ரோடு என்று வேறு இடம் தேடி மழையில் அலைந்தேன். எங்குமே அந்தத் தெருப் பெண்பிள்ளைகள் நடந்து வர முடியாது. ஐந்தாம் நாள் பத்து மணிக்குப் போன். அந்தப் பெண்ணின் அப்பா. குரல் கிசுகிசுவென்று வந்தது. "மேடம், சீக்கிரம் வாங்க. முதலாளி வந்து எங்க தறில உக்காந்துக்கினு இருக்காரு."

குடையைக்கூட ஒழுங்காக விரிக்காமல் ஓடினேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, பனியனோடு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் முதலாளி. பிள்ளை செய்கிற வேலையை நான் செய்ய முடியாதா பார்க்கிறேன் என்று வந்து உட்கார்ந்தாராம். காதோரம் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. அவள் பக்கத்தில் நின்று மேஸ்திரி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், கோக்காம வுட்டுட்டீங்க. பிரிங்க."

"பேசாம இரும்மா, எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சார் வுட்டீங்க?"

அவள் அப்பா குழிக்குள் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியதில் சிரிக்கிறார் என்று தெரிந்தது. சுவரோரம் இருந்த அம்மா நல்ல கையால் வாயைப் பொத்திக்கொண்டார். முக்கால் மணி நேரத்தில் இரண்டு விரல் அகலம்கூட ஏறவில்லை, அதிலும் இரண்டு தடவை பிரித்தாகிவிட்டது. முதலாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்தப் பழைய தழும்புக்குப் பக்கத்தில் விரல் சிவந்திருந்தது. அதை வாயில் வைத்து ஊதிக்கொண்டே அவளைக் கேட்டார்.

"எத்தினி மணிக்கு உக்காருவ?"

"காலைல ஆறு மணிக்கு சார். சாப்பாட்டுக்கு எழுந்துப்பேன். அப்பறம் இருட்டற வரைக்கும்."

அவர் தறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எட்டு வயதில் தனக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவர். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. "நாளைக்கு ஸ்கூலுக்குப் போ" என்றார். அப்பா பதறி, "அப்ப தேதிங்க?" என்றார். "தேதி எம் பிரச்சினைபா. கல்யாணப் பொண்ணு வீட்டுக்காரங்க கிட்ட நான் பேசிக்கறேன்." சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனவர் என்னைப் பார்த்து நின்றார். "வேற ஒருத்தி கிட்டயும் இவ்ளோ பேச்சு வாங்கினதில்லமா நான்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். கோபமா, பாராட்டா என்று இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த வாரமே ஆள் கிடைத்தது. பக்கத்துத் தெருவில் ஓர் அம்மாள், முன்பு வருஷக் கணக்கில் கோர்வைக்கு உட்கார்ந்தவர். வாலாஜாபாத்தில் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தினமும் பஸ்ஸில் இடிபடுவதற்கு இது மேல் என்று வந்துவிட்டார். அவருக்கான கூலியைக் கடையே ஏற்றுக்கொண்டது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமை ஆசிரியை முன்னால் நின்று, என் வாய்க்கு அன்று நல்ல வேலை கொடுத்தேன். மருத்துவச் சீட்டு, மனு என்று இரண்டு நாள் இழுத்தது. பெண் அரைப் பரீட்சை எழுதினாள். கணக்கில் மட்டும் பாஸ் மார்க்குக்கு மூன்று குறைச்சல்.

ஒப்பந்தம் சென்னையிலிருந்து ஒன்பது பக்கத்துக்கு வந்தது. முதலாளி மூக்குக் கண்ணாடியை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டு, "இதுல அந்தப் பொண்ணு இன்னா சொல்லுது?" என்று கேட்டார். மன்றம் கூடிப் பேசிப் பிள்ளைகள் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தார்கள். தேதி சொல்வதற்கு முன்னால், அந்தப் பக்கத்தில் யார் உட்காரப் போகிறார்கள் என்று கேளுங்கள். அவ்வளவுதான். இப்போது அந்தக் கடையில் பாவு கொடுக்கும்போது கூடவே கட்டிக் கொடுக்கிற சீட்டில், டிசைன், நிறம், தேதியோடு இன்னொரு பெயரும் வயதும் எழுதுகிறார்கள். அப்படி எழுத ஆரம்பித்ததில் இன்னும் இரண்டு வீடுகளில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அங்கேயும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம், ஒரு வீட்டில் கிடைத்துவிட்டது. எதிர்க்கடைக்காரரிடம் போய் இதையே சொன்னேன். "அவருக்கு வேலையில்ல" என்று சிரித்தார். ஆனால் அந்தச் சீட்டு எப்படி இருக்கும் என்று ஒன்று காட்டச் சொன்னார். திரும்பவும் போவேன்.

திறப்பு விழாவுக்கு ஜோசியர் வேறு நாள் குறித்துக் கொடுத்தார். முதலாளிதான் அமாவாசையில் வைக்கச் சொன்னார். அன்றைக்குத்தான் ஊரில் தறி ஓடாது, அப்பா அம்மா எல்லோரும் வர முடியும். தை அமாவாசை, கோயில் குளத்தில் திதி கொடுத்துவிட்டு ஈர வேட்டியோடு நேராகவே சிலர் வந்துவிட்டார்கள். விளக்கு ஏற்றப் பெரிய மனிதர் யாரையும் கூப்பிடவில்லை. அந்தப் பெண்ணின் அம்மாதான் ஏற்ற வேண்டும் என்று பிள்ளைகள் முடிவு செய்திருந்தார்கள்.

முந்தின நாள் முதலாளி அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பழம், வெற்றிலை பாக்கோடு அந்த அரக்குச் சேலையை அம்மாவிடம் கொடுத்திருந்தார். பழுது இல்லாத வேறு சேலை தருகிறேன் என்றுகூடச் சொன்னாராம். இதுவே போதும் என்றிருக்கிறார் அம்மா.

விழா அன்று குடோனின் கீழ் அறையில் அதை அம்மாவுக்குக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள் மகள். மணிக்கட்டு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, கொசுவம் பிடிக்க வரவில்லை. பேச எழுதிய தாளை மகள் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். அதை எனக்குக் காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள், நானும் கேட்கவில்லை. தோளில் மடிப்பு வைக்கும்போது விரல் அந்த இடத்தில் நின்றது. தாளை எடுத்துவிட்டுச் சொன்னாள், "அம்மா, ஓட்டை தெரியுது. உள் மடிப்புல மறைச்சுப் பின் குத்திடறேன்."

அம்மா குனிந்து தோளைப் பார்த்தார். நல்ல கையால் அந்த ஓட்டையைத் தடவினார்.

"வுடு, வெளிய இருக்கட்டும்" என்றார். "நீ தூங்கிப்போன எடந்தான அது."

மகள் மடிப்பைப் பிரித்துத் திருப்பி வைத்து, ஓட்டை வெளியே தெரிகிற மாதிரியே பின் குத்தினாள். மேலேயிருந்து முதலாளி, எண்ணெய் ஊற்றியாயிற்று, எல்லோரும் வரலாம் என்று கூப்பிட்டார். நாங்கள் மூன்று பேரும் படி ஏறினோம்.